திருவயிறு சீட்டு

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பக்தி இல்லை, கால்வலிதான்.

எண்பதுகளில் அவர் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினார். கல்வராயன் மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் நான் டீச்சர். வீடு கள்ளக்குறிச்சியில். காலையில் பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து அவருடைய ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். தொற்றிக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. பின்பக்கம் இரண்டு பலகையிலும் முழங்காலோடு முழங்கால் இடிக்க ஆட்கள் இருப்பார்கள். நடுவில் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், கருவாட்டுக் கூடை. மூட்டைமேலும் ஆட்கள். பின்படியில் நாலைந்து ஆண்கள் ஒற்றைக் காலில் தொங்குவார்கள். பலகையில் இடம் கிடைக்காத நாட்களில் நான் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மடக்கி, கருவாட்டுக் கூடைக்கு மேலே குனிந்து நிற்பேன். மாதத்தில் பாதி நாள் அப்படித்தான்.

இத்தனை நெரிசலிலும் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், ஒரு சீட்டு காலியாக இருக்கும்.

சுத்தமாகக் காலி. மற்ற ஜீப்புக்காரர்கள் அந்த இடத்தில் மூன்று பேரைத் திணிப்பார்கள். இவர் அதன்மேல் தன் துண்டைக்கூடப் போட மாட்டார். காலையில் ஈரத்துணியால் துடைத்து வைப்பார். பின்னால் நாங்கள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருப்போம். அந்தச் சீட்டு மட்டும் மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலி மாதிரி காற்றாட மலை ஏறும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது கர்ப்பிணிகளுக்கான சீட்டு. வேறு யாருக்கும் கிடையாது. கர்ப்பிணி யாரும் வராத நாளில் அது காலியாகவே போய்க் காலியாகவே திரும்பும். மலையில் அதற்கு 'திருவயிறு சீட்டு' என்று பெயர் வந்துவிட்டது. அந்த வார்த்தை அவர் கொடுத்தது. மாதாவுக்குச் சொல்லும் ஜெபத்தில் திருவயிற்றின் கனி என்று வருகிறதல்லவா, அதிலிருந்து எடுத்தது. அவர் பேச்சு அச்சு அசலாக இந்தப் பக்கத்துப் பேச்சு. பசித்தால் அவருக்கும் வவுறுதான், வலித்தாலும் வவுறுதான். பிள்ளை இருந்தால் மட்டும் அது சுத்தமான உச்சரிப்போடு திருவயிறு ஆகிவிடும். மாதாவுக்கு மட்டுமில்லை, கிழங்குக் கொல்லையில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் அதே சொல்தான். "ஓரமா நில்லுங்க, திருவயிறு வருது" என்று அவர் குரல் கொடுத்தால், முதல் தடவை கேட்கிறவர்கள் ஏதோ சப்பரம் வருகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. மலையில் யாரும் அதைச் சொன்னதில்லை. மாதா ஜீப்புக்காரர் என்றால் போதும். தியாகதுருகம் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். கழுத்தில் கார்மேல் மாதா உத்தரியம், கயிற்றில் கோத்த சின்னத் துணிப்படம், வேர்வையில் கறுத்துக் கயிறு மட்டும் மிஞ்சியது போல இருக்கும். கண்ணாடிக்கு மேலே பெரியநாயகி மாதா படம். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பிரியதத்த மந்திரம், அந்த மாதா ஜெபம்தான், சொல்வார். கோயிலில் ஜெபத்தின் வார்த்தைகளைப் புதிய தமிழில் மாற்றி வெகுகாலம் ஆகியும் அவர் பழையதை விடவில்லை. அவர் முதல் பாதியைச் சொன்னால் பின்படியில் தொங்குகிறவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. வளைவில் கை நழுவினால் கீழே பள்ளம், அதனால் "சர்வேசுரனுடைய மாதாவே" என்று அவர்கள் சொன்னது எங்கள் கோயிலில் நாங்கள் சொல்வதைவிட மனசாரத்தான் இருந்தது.

ஆமாம், நானும் கத்தோலிக்கப் பெண்தான். அதனாலேயே எனக்குக் கோபம் ஜாஸ்தி. வேறு மதத்துக்காரர் இப்படி ஒரு கிறுக்கு பண்ணினால் நமக்கென்ன என்று இருந்துவிடலாம். நம் ஆளே பண்ணும்போது எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். "இன்னா டீச்சர், ஒங்க ஆளு கொஞ்சம் எடம் குடுக்கக் கூடாதா?"

ஒருநாள் நானே கேட்டேன். கர்ப்பிணி வந்தால் எழுந்துவிடப் போகிறோம், அதுவரைக்கும் உட்கார்ந்துகொண்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று.

"உக்காந்தவன் எழுந்துக்கறதுக்குள்ள, பரவால்லீங்க நான் நின்னுக்கறேன்னு அந்தம்மா சொல்லிடும் டீச்சர்," என்றார். "காலியா இருந்தாத்தான் அதுக்குப் பேரு எடம்."

பிறகு கியரை மாற்றிக்கொண்டே சொன்னார். "பெத்லகேம்ல மாதா நெறமாசமா வந்து நின்னப்ப அந்த சத்திரக்காரன் இன்னா பண்ணான்? அடிச்சானா, திட்டினானா? எடமில்லன்னான். அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னி வரிக்கும் பேரு கெட்டுக் கெடக்கறான். எனக்கு இன்னாத்துக்கு அந்தப் பேரு?"

கழுத்து வலியோடு நின்றுகொண்டிருக்கும் ஒருத்திக்கு வேதாகமத்தைக் காட்டி வாயடைக்கிற ஆள்.

ஒருமுறை ஏதோ ஓர் இலாகா அதிகாரி, புதிதாக வந்தவர், நேரே போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இவர் எந்த மரியாதைக் குறைவும் இல்லாமல் பக்கத்தில் போய் நின்று, "எத்தினி மாசங்க?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, அக்கறையாகவே கேட்டார். அதிகாரி சர்வீஸில் சேர்ந்ததைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆறு மாசம் ஆவுது" என்று சொல்ல, பின்னால் ஒரே சிரிப்பு. விஷயம் புரிந்ததும் அவர் முகம் சிவந்து இறங்கி, அதற்கப்புறம் இலாகா வண்டியில்தான் போனார். அந்த ஜீப்பில் நான் வாய்விட்டுச் சிரித்த நாட்கள் குறைவு, அது ஒன்று.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்பதற்கு மலையில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அவருடைய அம்மா ரோட்டோரத்தில் இவரைப் பெற்றதாக ஒரு கதை. முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டதாக ஒரு கதை. இரண்டும் பொய். அவருக்கு ஒரே மனைவி, பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டிருந்தார், நல்ல திடமாக இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியிடம் கேட்டேன்.

"காரணமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். பொறக்கறப்பவே அப்டித்தான் பொறந்துச்சாம்," என்றார் அண்ணி. "நானும்தான் நாலு பெத்தேன். வலி எடுத்தப்பல்லாம் இந்த மனுசன் மலமேல யாரு வூட்டுத் திருவயித்தையோ ஏத்திக்கினு இருந்துச்சி. நான் மாட்டுவண்டியில போய்த்தான் பெத்துக்கினேன். ஊருக்கெல்லாம் சத்திரம், எனக்கு மட்டும் மாட்டுக்கொட்டா."

அண்ணியும் நானும் அந்த விஷயத்தில் ஒரே கட்சி.

அவர் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் சாயங்காலம் இறங்கும்போது, நடுவழியில் ஏழு மாதம் போலத் தெரிந்த ஒரு பெண் கையைக் காட்டினாள். இவர் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்தார். வழியெல்லாம் பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் அந்த வயிற்றுக்குள்ளிருந்து 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்தது. பின்னால் எங்களுக்கே கேட்டது. எங்களில் பலருக்கு அது என்ன சத்தம் என்றும் தெரிந்துவிட்டது. இவர் மட்டும் வேகத்தைக் குறைத்து, "புள்ள பொரளுது, பொரளுது. பயப்படாதம்மா" என்று தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். அணைக்குக் கிட்டே சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் மூக்கைச் சுளித்தார். அவிழ்த்துப் பார்த்தால் லாரி டியூப், உள்ளே மலைச் சாராயம். ஜீப்பை ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். நாங்கள் அத்தனை பேரும் கச்சிராயபாளையம் வரைக்கும் நடந்தோம். என் செருப்பு வார் அறுந்ததும் அன்றைக்குத்தான்.

ஆள் அப்பாவி என்று ஊரே போய்ச் சொன்னதால் மறுநாள் விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் போனால், சீட்டு ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இனிமேலாவது ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுங்கண்ணே," என்றேன்.

"எப்டிக் கேக்கறது டீச்சர்? வவுத்துல இருக்கறது புள்ளையா சாராயமான்னு ஒரு பொம்பளயப் பாத்துக் கேக்க முடியுமா? ஏமாத்தறவங்க ஏமாத்தட்டும். ஒரு நெசமான திருவயித்த நான் சந்தேகமாப் பாத்துட்டா, அப்பால மாதா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

ஏமாறுவது அவர் பாடு என்று விட்டுவிடலாம். அவருடைய பக்தியால் மற்றவர்கள் பட்டதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அந்தச் சீட்டில் ஒரு வினை இருந்தது. அதில் ஒருத்தி உட்கார்ந்தால் அவள் கர்ப்பம் என்று மலைமேல் இருக்கிற அத்தனை ஊருக்கும் தெரிந்துவிடும். புருஷனுக்குத் தெரியுமுன் சந்தைக்குத் தெரியும். இவருக்கோ கண் அவ்வளவு கூர்மை. நடையைப் பார்ப்பார், பள்ளம் வரும்போது கை எங்கே போகிறது என்று பார்ப்பார், டீசல் வாடைக்கு முகம் மாறுகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்துவிட்டால் ஜீப்பை நிறுத்தி, சீட்டைத் தட்டி, "உக்காருமா" என்பார். உட்காரும்வரை வண்டி நகராது. எத்தனையோ பெண்கள் முதல் மூன்று மாதம் அவருடைய ஜீப்பைக் கண்டாலே புளிய மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் என்னால் மறக்க முடியவில்லை. மலைக்காரர்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது ஜீப்பில் பாதிப்பேருக்குத் தெரியும். அம்மா முகத்தைப் பார்த்தால் எதற்காகக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீப் நின்றது. இவர் திரும்பி, சீட்டைத் தட்டினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெயில் ஒத்துக்கல," என்றாள் அம்மா.

"பரவால்லம்மா. முன்னால காத்து வரும். திருவயித்த அப்டி மடக்கி வெக்கக் கூடாது."

அவ்வளவுதான். அந்த அம்மா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இருவரும் இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் கியரில் அவர்களுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஊரவிட்டுக்கொண்டு போனார். பக்கத்துச் சீட்டைக் கையால் தட்டித் தட்டி, "உக்காருமா, நடக்காதம்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று கெஞ்சினார். ஜீப் நிறைய ஆட்கள் வேடிக்கை பார்க்க, அந்தப் பெண் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நடந்தாள். மூன்று வளைவு அப்படி. கடைசியில் அவர்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கிக் காட்டுக்குள் மறைந்துபோனார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்ன ஆனாள் என்று தெரியாது.

அன்றைக்கு எல்லோரும் இறங்கினதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் பொண்ணுக்கு வவுத்துக்கு மேல ஒரு மூஞ்சி இருக்குதுண்ணே. அத ஏன் பாக்க மாட்டேங்கறீங்க?"

"மூஞ்சியப் பாத்து எடம் குடுத்தவன்தான் டீச்சர் அந்த சத்திரக்காரன்," என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் முந்தானையால் மூடுவதற்கு முன் அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. உயிர் கடவுள் கொடுத்தது, அதற்கு இடம் விட வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அந்த உயிரைச் சுமக்கிறவளுக்கும் ஓர் உயிர் இருக்கிறது, அதற்கு மானம் என்று ஒன்று இருக்கிறது, இது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

பிறகு என் முறை வந்தது.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம். அதற்குள் இரண்டு தடவை தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மாமியாருக்கே தெரியாது. அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை நவநாள் ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போய், எல்லோர் காதிலும் விழும்படி, "மாதாவே, எம் மருமவ வவுத்தத் தொறந்து வுடு தாயே" என்று வேண்டுவார். பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் எனக்கு மாதாவின் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக வரும். இரண்டு தடவை கொடுத்து இரண்டு தடவை எடுத்துக்கொண்டவளிடம் இன்னும் என்ன கேட்பது?

மூன்றாவது தடவை தங்கியபோது நான் உஷாராக இருந்தேன். மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. முக்கியமாக ஜீப்புக்காரர் கண்ணில் படக் கூடாது. காலையில் மலைக்கு ஒரே ஒரு அரசு பஸ் உண்டு, அதற்காகப் பொழுது விடியுமுன் கிளம்பினேன். அது வாரத்தில் மூன்று நாள் வராது. வராத நாளில் வேறு வழியில்லாமல் அவர் ஜீப்பில் ஏறி, கடைசி மூலையில், ஒரு தடித்த ஆளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பள்ளம் வந்தால் கை வயிற்றுக்குப் போகாதபடி இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்றாவது வளைவில் ஜீப் நின்றது.

"டீச்சர், எப்பவும் கம்பியப் புடிக்கறவங்க இன்னிக்கி ஏன் பையப் புடிச்சிக்கினு வரீங்க?" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். சீட்டைத் தட்டினார்.

"வேணாம்ணே. வண்டிய எடுங்க."

"உக்காருங்க டீச்சர்."

"ஒண்ணுமில்லன்னு சொல்றன்ல. எடுங்க வண்டிய."

எஞ்சினை அணைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிஷத்தில் பின்படியில் இருந்தவர்கள், "போய் உக்காரும்மா, வேலைக்குப் போவணும்" என்று என்னை விரட்ட ஆரம்பித்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் மாதிரி இறங்கி நடக்க எனக்குத் தைரியம் இல்லை, அந்த வயிற்றை வைத்துக்கொண்டு நடக்கவும் பயம். மலை உச்சி வரைக்கும் அவர் ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றி வளைத்து ஓட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்திருந்தது. ஜீப்பில் வந்த யாரோ கடைத்தெருவில் துணிக்கடை பாயிடம் சொல்ல, அவர் நல்ல மனசோடு என் மாமியாரைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். மாமியார் சர்க்கரை வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார். கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு நெல்லிக்காய் பறித்துக்கொண்டு வந்தார்கள். நான் தினமும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து போனேன், இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஐந்து வாரம் கழித்து அதுவும் போய்விட்டது.

எப்படிப் போனது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அதைவிடக் கொடுமை. முன்பு இரண்டு தடவையும் யாருக்கும் தெரியாததால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை சர்க்கரை வாங்கித் தின்ற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரி, "கலஞ்சதுக்கு இன்னா பண்றது, அடுத்தது நிக்கும்" என்றார்கள். மாமியார் நாலாம் நாளே தண்ணீர்க் குடத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "பிரசவமா ஆயிருக்குது, படுத்துக் கெடக்க?" என்றார். அவரும் உடைந்துபோயிருந்தார் என்பது இப்போது புரிகிறது. அப்போது குடத்தின் கனம்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்துவிட்டது, இன்ஸ்பெக்ஷன் என்று.

காலையில் பஸ்ஸில் வரும்போது அந்த ஜீப்புக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக நினைத்துக்கொண்டு வந்தேன். உன்னால்தான் என்று சொல்ல வேண்டும். உன் பக்தியால்தான் நான் தெருவெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஜீப்புக்குப் பக்கத்தில் போனதும் பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவர் வந்து சீட்டைத் தட்டினார்.

இவருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "வேணாம்ணே. போச்சி. இப்ப ஒண்ணுமில்ல," என்றேன்.

"தெரியும் டீச்சர். சொன்னாங்க. உக்காருங்க."

"எதுக்கு? அதான் ஒண்ணுமில்லன்றனே."

"பெத்த ஒடம்புங்க. நாப்பது நாளு ஆவணும்ல?" என்றார். மாதாவே நாற்பது நாள் கழித்துத்தான் கோயிலுக்குப் போனாள், உங்களை எப்படி நிற்கவைக்க முடியும் என்று, ஏதோ போக்குவரத்துச் சட்டத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

பெத்த உடம்பு. அந்த ஒரு வாரத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்ளவில்லை. நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, அத்தனை பேருக்கு முன்னால், மலை உச்சி வரைக்கும் அழுதேன். அழவைத்துவிட்டாரே என்று அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. வளைவுக்கு வளைவு ஜெபம் மட்டும் சொன்னார்.

அதன் பிறகு தினமும் சீட்டு எனக்குத்தான். நடுவில் ஒருநாள் நிறைமாதமாக ஒருத்தி வந்தபோது எங்கள் இரண்டு பேரையும் நெருக்கி உட்காரவைத்தார். அவள் வயிறு என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. அதைத் தாங்குவது சுலபமாக இல்லை. இந்த மனுஷனுக்கு ஒருத்தி மனசு என்ன பாடுபடும் என்று எப்போதுதான் தெரியும் என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் கீழே வந்து இறங்கும்போது சொன்னார். "இன்னியோட நாப்பது முடிஞ்சிது டீச்சர். நாளைல இருந்து பின்னால ஏறிக்குங்க."

கணக்கு முடிந்தது, இறங்கு. இவ்வளவுதான் இந்த ஆள். சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது.

"அப்ப அந்த ரெண்டுக்கு?" என்றேன்.

பானெட்டைத் திறந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்த ரெண்டு?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு போச்சிண்ணே. ஒருத்தருக்கும் தெரியாது. மொதது போனதுக்கு மறுநாளே ஒங்க ஜீப்புலதான் வந்தேன். கம்பியப் புடிச்சிக்கினு, கருவாட்டுக் கூடைக்கு மேல நின்னுக்கினு வந்தேன். இந்த சீட்டு காலியாத்தான் இருந்துச்சி. ஊர்ல இருக்கற திருவயிறெல்லாம் ஒங்க கண்ணுக்குத் தெரியுது. அன்னிக்கி நீங்க என்னத் திரும்பிக்கூடப் பாக்கல."

உத்தரியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்த மனுஷர் வாயடைத்து நின்றதைப் பார்க்க, உள்ளபடியே எனக்குத் திருப்தியாக இருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது பலகை இரண்டும் நிறைந்திருந்தன. பின்பக்கம் ஏறக் கம்பியில் கையை வைத்தேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து என் கையிலிருந்து பையை வாங்கினார், கொண்டுபோய் முன்சீட்டில் வைத்தார். சீட்டில் ஈரம் காயவில்லை.

பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், "அதான் நாப்பது முடிஞ்சிதுன்னு நேத்து நீயேதான சொன்ன? இன்னிக்கி இன்னா?" என்று கேட்டார்.

அவர் வழக்கம்போல ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"உக்காருங்க டீச்சர். இன்னிக்கி மூத்ததுக்கு மொத நாளு."